ஒருவேளைப் போஜனம்

தராசின் நீண்ட கம்பியில் இரும்புத் துண்டைக் கெசியா மெல்ல நகர்த்திக்கொண்டே போனாள். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு ராத்தல் என்னும் கோட்டுக்கு முன்பாகவே கம்பி சமமாக நின்றிருக்க வேண்டும். ஏழு வாரங்களுக்கு முன் பார்வதியம்மாள் முதன்முதலாக இந்தப் பலகையின்மேல் ஏறியபோது அதுவே அவளுடைய எடை. இப்பொழுதோ துண்டு அந்தக் கோட்டைத் தாண்டிய பின்னரும் கம்பி மேல்நோக்கியே நின்றது. தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்று நான்கு. தொண்ணூற்றைந்தில் அது இரண்டு முறை அசைந்து சமமாயிற்று.

கெசியா எண்ணை வாய்விட்டுச் சொல்லவில்லை. அருகில் நின்ற துரைசாணி டாக்டரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏறிட்டா?" என்று பார்வதியம்மாள் கேட்டாள்.

"பைய எறங்குங்கம்மா. பலகை ஆடும்."

பாளையங்கோட்டையில் மிஷன் சார்பாக நடந்துவந்த சிறிய பெண்கள் ஆஸ்பத்திரி அது. துரைசாணி டாக்டர் இந்த ஜில்லாவுக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வேதபுத்தகத்தின் துணைகொண்டு ஒரு பண்டிதரிடம் பயின்ற தமிழ் அவளுடையது. இலக்கணப் பிழை ஒன்றும் வராது. கெசியா அங்கே பயிற்சி பெற்ற நர்ஸ், முப்பது வயதினள், உபதேசியார் ஒருவருடைய மகள்.

விரோதிகிருது வருடம் ஆவணி மாதத்தில், அடிவயிற்றில் ஏதோ கனக்கிறது என்று பார்வதியம்மாள் இங்கே வந்தாள். அப்பொழுது அவளுக்கு முப்பத்தாறு வயது. டாக்டர் அவளைப் படுக்கவைத்து நெடுநேரம் அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உள்ளே ஒரு கட்டி உண்டு. அது நீர்க்கட்டி என்று எண்ணுகிறேன். அறுத்து எடுத்துவிட்டால் பிழைப்பீர். ஆயினும், இத்தனை பாரமுள்ள சரீரத்தில் மயக்க மருந்தை இருதயம் தாங்காது. நூற்றெழுபது ராத்தலுக்கு இறங்கி வாரும், அறுப்பேன். நாள்தோறும் இரண்டு வேளைப் போஜனத்தில் ஒன்றை விட்டுவிடும். ஒருவேளை மாத்திரம் போஜனம் செய்யும். நடவும்."

மார்கழி பிறந்ததும் டாக்டர் விடுமுறையில் சீமைக்குக் கப்பலேறுவதாக இருந்தது. ஆண் டாக்டரிடம் வயிற்றைக் காட்ட அந்தக் குடும்பம் ஒருநாளும் ஒப்பாது. ஆகவே மார்கழிக்குள் அறுத்தாக வேண்டும்; இல்லையெனில் இல்லை. இதனைப் பார்வதியம்மாள் நன்றாக அறிந்திருந்தாள்.

டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவளுக்கு எதிரில் அமர்ந்தாள்.

"நாளொன்றுக்கு எத்தனை வேளை போஜனம் செய்கிறீர்?"

"ஒருவேளைதாம்மா. நீங்க சொன்ன அன்னையில இருந்து ஒருவேளைதான்."

"மறைக்கலாகாது."

"எதுக்கு மறைக்கணும்? போன வாரம் சஷ்டி. ஆறு நாளும் விரதம். சோத்தக் கண்ணால பாக்கல."

"ஆறு நாளும் உபவாசமா?"

"ஆமா. திருச்செந்தூர் முருகன் சத்தியமா."

"நடந்தீரா?"

"தெனமும் கோவில்ல மூணு சுத்து."

டாக்டர் அவள் கண்களையே பார்த்திருந்தாள். சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்லும் பெண் அல்லள் இவள் என்று அவளுக்குத் தெரிந்தது. குனிந்து கணுக்காலை விரலால் அழுத்தினாள். வயிற்றைச் சுற்றி நாடாவை வைத்து அளந்து, ஆவணி மாதத்து அளவின் கீழே எழுதிக்கொண்டாள். பிறகு பார்வதியம்மாளை வெளியே அனுப்பிவிட்டு அவள் கணவரை உள்ளே அழைத்தாள்.

தில்லைநாயகம் பிள்ளை வக்கீல். கச்சேரியில் நீதிபதிக்கு முன் ஒரு மணி நேரம் தடையின்றிப் பேசக்கூடியவர். வீட்டில் தம் தாய்க்கு முன் ஒரு வாக்கியத்தை முடிக்கமாட்டாதவர். அவர் நின்றுகொண்டே கேட்டார்.

"ஒருவேளை உண்டு, ஆறு நாள் உபவாசமும் இருந்த சரீரத்தில் சதை வைக்க வழியில்லை" என்றாள் டாக்டர். "ஆயினும் மூன்று ராத்தல் கூடியிருக்கிறது, வயிற்றின் சுற்றளவும் கூடியிருக்கிறது. உள்ளே நீர் சேருகிறது. நான் எண்ணியது தவறு. இது நீர்க்கட்டியன்று, பொல்லாத கட்டி. அறுத்தால் மேசையின்மேலேயே மரித்துப்போவாள். நான் அறுக்கமாட்டேன். நோவுக்கு மருந்து அனுப்புகிறேன்."

"எவ்வளவு நாள்?" என்று பிள்ளை கேட்டார்.

"சித்திரையைக் காண்பாளோ, அறியேன்."

வண்டி சுலோசன முதலியார் பாலத்தின்மேல் ஏறியபோது ஐப்பசி மழை தூறிக்கொண்டிருந்தது. தாமிரபரணி செந்நீராக ஓடிற்று.

"டாக்டரம்மா என்ன சொன்னாக?"

"கத்தி வேண்டாம்னு சொல்லிட்டாக. மருந்துலேயே பாத்துக்கிடலாமாம். நல்லதுதானே?"

"நல்லதுன்னா நீங்க ஏன் என் மொகத்தைப் பாக்காம ஆத்தையே பாத்துட்டு வாரீக?"

சாரல் அடிக்கிறது என்று பிள்ளை வண்டிப் படுதாவை இறக்கிவிட்டார். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. வண்டி டவுனில் ரதவீதிக்குத் திரும்பிற்று.

வீட்டில் அவள் மாமியார் ஆவுடைத்தாயம்மாள் வாசல்நடையிலேயே காத்திருந்தாள். மருமகளை அறுக்கப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்த நாள்முதல் அவள் நிம்மதியாக உறங்கியதில்லை. கத்தி வேண்டாம் என்றதும் நெல்லையப்பர் கோவில் இருக்கும் திக்கை நோக்கிக் கும்பிட்டாள்.

"நான் அப்பமே சொன்னேம்லா? வயித்துல வாயுக்கட்டு இல்லாத பொம்பளை எவ இருக்கா? அதுக்குப் போயி அறுக்கணும்னா! ஏ பார்வதி, வந்து உக்காரு. காத்தாலே இருந்து அலைஞ்சு மொகம் எப்படிச் சுண்டிப்போச்சு பாரு."

சோறிட்டு வளர்த்தால் எந்த நோயும் அஞ்சி ஓடும் என்பதில் அவளுக்கு அசைக்கமுடியாத உறுதி. மருமகளின்மேல் அவளுக்கு இருந்த அன்பு முழுவதும் அடுக்களை வழியாகவே வெளிப்படும். பார்வதியம்மாள் அந்த வீட்டுக்கு வந்தபோது நூறு ராத்தல்கூட இருக்கமாட்டாள். இப்பொழுது அவள் ஊஞ்சலில் வந்து அமர்ந்தால், பார்ப்பவர்கள் ஆவுடைத்தாயம்மாளின் கைராசியைப் புகழ்வார்கள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்குக் கெசியா மருந்துச் சீசாவுடன் வந்தாள். நோவு தாளாதபோது எத்தனை துளி கொடுக்க வேண்டும் என்பதை வீட்டாருக்குச் சொல்லிவிட்டு வருமாறு டாக்டர் அனுப்பியிருந்தாள். கிறிஸ்தவ வேதக்காரியே ஆயினும், வீடு தேடி வந்தவளை வெறும் வயிற்றோடு அனுப்ப ஆவுடைத்தாயம்மாள் சம்மதிக்கமாட்டாள். முன்கட்டுக் கூடத்தில் ஒரு பாயை விரித்து இலை போட்டாள். சற்றுத் தள்ளி மற்றோர் இலையும் போட்டாள். நெய் மணக்கும் தோசைகள் நான்கு நான்காக இரண்டு இலைகளிலும் விழுந்தன; தேங்காய்த் துவையலும், சஷ்டி விரதத்துக்குச் செய்து மிஞ்சிய முந்திரிக்கொத்தும் பின்தொடர்ந்தன. பார்வதியம்மாள் இரண்டாவது இலையின் முன் வந்து அமர்ந்தாள்.

கெசியா அந்த இலையைப் பார்த்தாள்.

"அம்மா, அது ஒங்களுக்கா?"

"எனக்குத்தான். ஏன்?"

"மத்தியானம் சாப்பிட்டாச்சுன்னு இப்பந்தானே சொன்னீக?"

"சாப்பாடு ஆச்சு. இது பலகாரம்லா."

கெசியாவின் கை தோசைக்குமேல் நின்றுவிட்டது.

"ராத்திரிக்கு?"

"ராத்திரி சாப்பாடே கெடையாது. ஏழு வாரமா ராத்திரியில ஒரு பருக்கை தொட்டதில்ல. அத்தை ஏதாவது பலகாரம் பண்ணித் தருவாக. ஆறு இட்டிலி, இல்லாட்டி உப்புமா. அப்புறம் பால், பழம். அவ்வளவுதான்."

"காலையில?"

"காலையில எவ சோறு திம்பா? பலகாரந்தான்."

"சஷ்டி விரதம்?"

"அந்த ஆறு நாளும் மூணு வேளையும் பலகாரந்தான். எங்க வீட்டுல விரதம்னா சுத்தமா இருப்போம். அரிசிச் சோத்துப் பானையவே அடுப்புல ஏத்தமாட்டாக."

கெசியாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை. வாயைச் சேலைத்தலைப்பால் பொத்திக்கொண்டாள். சிரித்துக்கொண்டிருந்தவளின் கண்களிலிருந்து நீர் வழியத் தொடங்கியது.

"ஏளா, எதுக்குச் சிரிக்கே?" என்று ஆவுடைத்தாயம்மாள் சீறினாள். "எங்க வீட்டுப் பலகாரம் ஒனக்கு எளக்காரமாப் போச்சோ?"

"இல்ல ஆச்சி. எங்க வீட்டுல உபவாசம்னா பச்சைத் தண்ணிதான். டாக்டரம்மாவுக்கும் அதான் தெரியும். போஜனம்னு அவுக சொன்னது வாய்க்குள்ள போற அம்புட்டையும். இவுக சோத்தை மட்டும் எண்ணியிருக்காக." அவள் பார்வதியம்மாளின் பக்கம் திரும்பினாள். "அந்த மூணு ராத்தலைக் கட்டின்னு நெனச்சு டாக்டரம்மா கைய விட்டுட்டாகம்மா. அது கட்டி இல்ல. தோசையாத்தான் இருக்கணும்."

பார்வதியம்மாள் இலையிலிருந்து கையை எடுத்தாள்.

"கைய விட்டுட்டாகன்னா?" என்று பார்வதியம்மாள் கேட்டாள்.

உள்ளறை நிலைப்படியில் வந்து நின்ற தில்லைநாயகம் பிள்ளையை மூவரும் பார்த்தார்கள். அவர் நிலையைப் பிடித்துக்கொண்டு தலை கவிழ்ந்தார். சொல்லவேண்டியது எதுவோ அதனை அந்த நிற்றலே சொல்லிவிட்டது. பார்வதியம்மாள் இலையை மடித்தாள். தன் பக்கமாக அல்ல, எதிர்ப்புறமாக மடித்தாள். இழவு வீட்டில் மடிப்பதுபோல. ஆவுடைத்தாயம்மாள் அதைக் கண்டு நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

மறுநாட் காலையில் கெசியா டாக்டரின் மறுமொழியைக் கொண்டுவந்தாள். விவரத்தைக் கேட்டதும் டாக்டர் நெடுநேரம் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாளாம். பிறகு இவ்வாறு சொல்லியனுப்பியிருந்தாள்: 'கப்பலுக்கு ஐந்து வாரங்கள் உள. புதன்தோறும் வரட்டும். எடை இறங்கினால் கட்டியைக் குறித்து நான் தீர்த்தது பிழை. இறங்காவிட்டால் தீர்ப்பு நிற்கும். தராசே நியாயம் சொல்லட்டும்.'

இவ்வாறாக எடை என்பது மயக்க மருந்துக்குரிய நிபந்தனையாக மட்டும் இல்லாமற் போயிற்று. உள்ளே இருப்பது எந்தக் கட்டி என்பதையே இனி அதுதான் காட்ட வேண்டும். குறையாத ஒவ்வொரு ராத்தலும் அவளுடைய சாவுக்குச் சாட்சி.

அன்று தொடங்கிப் பார்வதியம்மாள் அடுக்களைப் பக்கமே போகவில்லை. காலையில் ஒரு குவளை மோர். மாலையில் ஒரு குவளை மோர். பின்கட்டில் நெல் குத்திக்கொண்டிருந்த கோமுவின் கையிலிருந்து உலக்கையை வாங்கினாள். கோமு அந்த வீட்டில் பதினைந்து ஆண்டுகளாகக் குத்துபவள், வாய்த்துடுக்கு மிகுந்தவள்.

"எம் பொழப்புல மண்ணைப் போட்டுறாதீங்கம்மா. இது குத்தி ஒடம்பு எளைக்கும்னா நான் இந்நேரம் ஈர்க்குச்சியால்லா இருக்கணும்?"

"நீ இல்லாம பின்ன என்ன?"

கோமு தன்னைத்தானே குனிந்து பார்த்துக்கொண்டாள். "அதும் சரிதான்" என்று சொல்லி விலகி நின்றாள்.

மூன்று நாட்கள் அப்படிச் சென்றன. நான்காம் நாட் காலையில் கிணற்றில் வாளியை இழுக்கும்போது கயிறு பார்வதியம்மாளின் கையைவிட்டு நழுவிற்று. உருளை கிறீச்சிட்டுச் சுழன்றது. கோமு ஓடிவந்து பிடித்திராவிட்டால் வாளியோடு அவளும் உள்ளே போயிருப்பாள்.

செய்தி போய்க் கெசியா வந்தபோது பார்வதியம்மாள் பாயில் கிடந்தாள், உதடுகள் வெளுத்திருந்தன. கெசியா நாடியைப் பிடித்துப் பார்த்தாள். அவள் முகம் கடுத்தது.

"யாருக்குக் காட்டுததுக்கு இப்படிப் பட்டினி கெடக்கீக? தராசுக்கா? தராசு ஒங்களை அறுக்கப்போறதில்ல. மயக்க மருந்து மூக்குல ஏறும்போது இந்த இருதயம் தாங்கணும். நாடி கோழிக்குஞ்சு மாதிரி துடிக்கி. இப்படியே புதன்கெழமை வந்து நின்னீகன்னா, எடை கொறைஞ்சிருந்தாலும் டாக்டரம்மா மேசையில ஏத்தமாட்டாக."

"அப்பம் நான் என்னதான் செய்ய?" என்றாள் பார்வதியம்மாள். "தின்னாலும் சாவு, திங்காட்டியும் சாவுன்னா?"

"திங்கணும். அளந்து திங்கணும்." கெசியா விரல் மடக்கிக் கணக்குச் சொல்லவில்லை, அடுக்களையிலிருந்து அரிசி அளக்கும் ஆழாக்கை எடுத்துவரச் சொல்லி அதை அவள் கையிலேயே கொடுத்தாள். "காலையில கேப்பைக்கூழ், இதுல ஒண்ணு. மத்தியானம் இதுல ஒரு ஆழாக்கு அரிசிச் சோறு, அதுகூட நெறையக் கீரை, புடலங்கா. நாலு மணிக்கு மோர். பொழுது சாயுமுந்தி ரெண்டு இட்டிலி. நெய் வேண்டாம். கோவில் பிரசாதத்தைக் கண்ணுல ஒத்திக்கிட்டு அடுத்தவுகளுக்குக் குடுத்துருங்க. அது புண்ணியம்தான்."

"நடக்கத்தானே செய்யுதேன்?"

"எங்கன நடக்கீக? கோவிலுக்குப் போக வில்வண்டி, வர வில்வண்டி. உள்ள மூணு சுத்து. அதுலயும் ஒவ்வொரு சன்னதியிலயும் நின்னு பேச்சு. மிச்ச பொழுது பூராவும் ஊஞ்சல். ஒரு நாழிகை நடந்துட்டு இருபது நாழிகை உக்காந்தா ஒடம்பு உக்காந்ததைத்தான் ஞாபகம் வச்சிக்கிடும். வண்டிய அவுத்து விடுங்க. கொஞ்சம் குத்துங்க, மூச்சு வாங்குனா நிறுத்துங்க. கொஞ்சம் பெருக்குங்க. ஒரேயடியா மாட்டைப்போலவும் வேண்டாம், மகாராணி போலவும் வேண்டாம்."

கேப்பைக்கூழ் என்ற சொல்லைக் கேட்டதுமே ஆவுடைத்தாயம்மாள் காதுகளைப் பொத்திக்கொண்டாள். அந்த வீட்டு அடுக்களையில் கேப்பை ஏறியதே இல்லை. மருமகள் தெருவில் நடந்து கோவிலுக்குப் போவதாம். பின்கட்டில் உலக்கை பிடிப்பதாம். கெசியா போன பின்னர் அவள் மகனைப் பார்த்துச் சொன்னாள்:

"வக்கீல் வீடு நொடிச்சுப்போச்சுன்னு நாளைக்கே ரதவீதி பூரா பேசுவாக. கூழு குடிக்காக, பொம்பளையள் நெல்லு குத்துதாகன்னு. எம் முன்னாலயே கேப்பாளுக. நான் என்ன பதில் சொல்ல?"

பிள்ளை வழக்கம்போல் ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்தினார்.

"பதில் சொல்லாதீங்க அத்தை" என்று பாயிலிருந்து பார்வதியம்மாள் சொன்னாள். "நான் செத்துட்டா துட்டி கேக்க வாரவுகளுக்குச் சொல்லுவீகல்லா, அதையும் சேத்து அப்பம் சொல்லிக்கிடுங்க."

அவள் மாமியாருக்கு எதிராகப் பேசியது பதினெட்டு ஆண்டுகளில் அதுவே முதல்முறை. ஆவுடைத்தாயம்மாள் எழுந்து உள்ளே போய்விட்டாள். இரண்டு நாட்கள் அவள் மருமகளோடு பேசவில்லை. எனினும் மறுநாட் காலையில் அடுப்பின்மேல் கேப்பைக்கூழ் இருந்தது. ஆழாக்கினால் அளந்தது அளந்தபடி.

முதற் புதனன்று நூற்றுத் தொண்ணூற்றொன்று. கெசியா முகம் மலர்ந்தாள்; டாக்டர் மலரவில்லை. "பட்டினியால் இறங்கியது கணக்கில் சேராது" என்றாள்.

இரண்டாம் வாரத்தில் ஒருநாள் பார்வதியம்மாள் உரலின்முன் நின்று மூச்சிரைத்துக்கொண்டிருந்தாள். கோமு அன்று வரவில்லை. கொல்லைச் சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் எட்டிப் பார்த்து ஏதோ கிசுகிசுத்தார்கள். ஆவுடைத்தாயம்மாள் அடுக்களை வாயிலில் நின்று அதைக் கண்டாள். கண்டவள், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, மூலையில் சாத்தியிருந்த மற்றோர் உலக்கையை எடுத்துவந்து, உரலின் எதிர்ப்புறத்தில் நின்றாள். அவளுக்கு அறுபத்திரண்டு வயது.

"அத்தை, வேண்டாம்."

"போடுளா. மாத்தி மாத்திப் போட்டாத்தான் ரெண்டு பேருக்கும் மூச்சு விட நேரம் கெடைக்கும். ஊரு பேசுனா ரெண்டு பேரையும் சேத்துப் பேசட்டும்." பிறகு சுவரை நோக்கிக் குரலை உயர்த்தினாள்: "என்ன பாக்கீக? பலகாரத்துக்கு மாவு இடிக்கோம், திங்க வாரீகளா?"

சுவருக்கு மேலிருந்த தலைகள் மறைந்தன.

இரண்டாம் புதனன்று நூற்றெண்பத்தொன்பது. மூன்றாம் புதனன்று நூற்றெண்பத்தாறு. பார்வதியம்மாள் டவுனிலிருந்து பாலம்வரை நடந்து, பாலத்தில் வண்டி ஏறி ஆஸ்பத்திரிக்கு வரத் தொடங்கியிருந்தாள். பிள்ளை குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். அவர் கச்சேரித் தோழர்கள் எதிரில் வந்தால் முதலில் பாதை மாறினார். பின்னர் மாறுவதை விட்டுவிட்டார்.

நான்காம் வாரத்தில் கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. ஆற்றில் வெள்ளம் இரண்டு கரையும் தொட்டது. பார்வதியம்மாள் கூடத்திலேயே சுவரோடு சுவராக நடந்தாள். சோற்றில் ஓர் அகப்பை மிகவில்லை. உலக்கை ஒருநாளும் ஓயவில்லை. நான்காம் புதனன்று இரும்புத் துண்டு நூற்றெண்பத்தாறிலேயே நின்றது.

கெசியா அதை ஒரு கோடு பின்னே தள்ளிப் பார்த்தாள். கம்பி உடனே மேலே எழுந்தது. மீண்டும் முன்னே வைத்தாள். சமம்.

டாக்டர் ஒன்றும் பேசாமல் எழுதிக்கொண்டாள். அந்தப் பேசாமை பார்வதியம்மாளுக்குப் பழக்கமானது. நான்கு வாரங்களுக்கு முன் இதே அறையில் இதே பேசாமையைத்தான் அவள் கண்டிருந்தாள். படியிறங்கும்போது அவள் கெசியாவின் கையைப் பற்றினாள்.

"நெசத்தைச் சொல்லு. சதை கொறையுது, உள்ள அது கூடுது. ரெண்டும் சேந்து சமமா நிக்கி. அப்படித்தானே?"

கெசியா உடனே மறுக்கவில்லை. "அப்படியும் இருக்கலாம்மா" என்றாள். "இல்லாமலும் இருக்கலாம். ஒடம்பு படிக்கட்டு மாதிரிதான் எறங்கும். ஒரு படியில நிக்கும், அப்புறம் எறங்கும். எது இதுன்னு எனக்குத் தெரியாது. இன்னும் ஒரு புதன் இருக்கு."

அந்த ஒரு வாரமே மிகக் கொடியது. வெள்ளிக்கிழமை பார்வதியம்மாள் மத்தியானச் சோற்றை இலையிலேயே ஒதுக்கி வைத்தாள். கடைசி நான்கு நாட்கள் தண்ணீரையும் விட்டுவிட்டால் மூன்று ராத்தல் நிச்சயம் இறங்கும் என்று அவள் மனம் கணக்கிட்டிருந்தது. ஆவுடைத்தாயம்மாள் எதிரில் வந்து அமர்ந்தாள்.

"தின்னு."

"பசிக்கல அத்தை."

"பசிக்குதான்னு ஒன்கிட்ட எவ கேட்டா? ஆழாக்கு அளந்து போட்டிருக்கேன். ஒரு பருக்கை கூடுனாலும் வுடமாட்டேன், கொறைஞ்சாலும் வுடமாட்டேன். தராசை ஏமாத்திப்புட்டு மேசையில செத்துப்போனா, அந்தப் பாவம் எனக்கா, ஒனக்கா?"

பார்வதியம்மாள் அழுதுகொண்டே தின்றாள். முழுவதையும் மாமியார் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் புதனன்று மூவருமாக வந்தார்கள். டாக்டரின் பெட்டிகள் தாழ்வாரத்தில் கட்டி வைக்கப்பட்டிருந்தன. பார்வதியம்மாள் பலகையில் ஏறிக் கண்களை மூடிக்கொண்டாள். துண்டு கம்பியில் உராயும் ஓசை மட்டும் கேட்டது. அது நின்றது; பின் மீண்டும் சற்று உராய்ந்தது; அது எந்தப் பக்கம் போகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நூத்தி எண்பத்து மூணு" என்றாள் கெசியா.

டாக்டர் நாடாவை எடுத்து வயிற்றை அளந்தாள். ஏட்டைப் புரட்டி ஐப்பசி மாதத்து அளவைப் பார்த்தாள். மூன்று அங்குலம் குறைந்திருந்தது.

"நான் கேட்டது நூற்றெழுபது" என்றாள்.

ஏட்டை மூடிவிட்டு மாடிப்படியைக் கை காட்டினாள்.

"அம்மா, இங்கே மாடிப்படிகள் இருபத்திரண்டு உண்டு. ஏறி இறங்கும். மூன்று தரம்."

பார்வதியம்மாள் ஏறினாள். முதல்முறை எளிதாக இருந்தது. இரண்டாம் முறை கைப்பிடியைத் தொட்டாள். பிறகு கையை எடுத்துவிட்டாள். மூன்றாம் முறை மேற்படியில் ஒரு கணம் நின்றாள். கீழே ஆவுடைத்தாயம்மாள் தன்னையறியாமல் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். மருமகள் இறங்கி வந்ததும் டாக்டர் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நாடியைப் பிடித்தாள். ஒரு நிமிடம். விடவில்லை, இரண்டாம் நிமிடமும் பிடித்திருந்தாள். மூன்றாம் நிமிடத்தில் கடிகாரத்தை மூடினாள்.

"பன்னிரண்டு வாரங்களுக்கு முன் இவள் இந்த அறையைக் கடந்து வந்தபோதே இருதயம் இதைவிட விரைவாக அடித்தது" என்று கெசியாவிடம் சொன்னாள். பிறகு பிள்ளையை நோக்கினாள். "எடை நான் கேட்ட இடத்துக்கு வரவில்லை. இருதயம் வந்திருக்கிறது. உள்ளே நீர் சேர்ந்துகொண்டிருந்தால் சுற்றளவு குறைந்திராது. நாளைக் காலையில் அறுப்பேன். பிழைப்பாள் என்று உறுதி சொல்லமாட்டேன். சம்மதமானால் இங்கே கையெழுத்திடும்."

பிள்ளை பேனாவை மையில் தோய்த்தார். எத்தனையோ பத்திரங்களில் ஓடிய அந்தக் கை காகிதத்தின்மேல் நின்றுவிட்டது. அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு, பழக்கத்தினால், தாயைப் பார்த்தார்.

"என்னை எதுக்குலே பாக்கே?" என்றாள் ஆவுடைத்தாயம்மாள். "போடுலே கையெழுத்தை."

மறுநாள் எட்டு மணிக்குப் பார்வதியம்மாளை உள்ளே கொண்டுபோனார்கள். தாயும் மகனும் தாழ்வாரத்துப் பெஞ்சியில் அமர்ந்திருந்தார்கள். மருந்தின் நெடி கதவிடுக்கு வழியே வந்து மூக்கை அரித்தது. உள்ளே ஏதோ தட்டில் விழும் ஓசை கேட்டது. கெசியா விரைவாக இங்கிலீஷில் ஒரு சொல் சொன்னாள். பிறகு வெகுநேரம் ஓசை இல்லை. பிள்ளை எழுந்து கதவருகே போனார், திரும்பி வந்தார், மீண்டும் போனார். ஒன்பதே முக்காலுக்குக் கதவு திறந்தது. டாக்டர் கைகளைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். அவளுடைய வெள்ளை மேலங்கியில் இரத்தம் இருந்தது.

"அது நீர்க்கட்டியே. எடுத்தாயிற்று. இருதயம் தாங்கிற்று."

பிள்ளை மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஆவுடைத்தாயம்மாளுக்கு அந்தப் புத்தகத் தமிழ் பிடிபடவில்லை. பின்னால் வந்த கெசியாவின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"என்னளா சொல்லுதா? எனக்கு வெளங்கும்படியா நீ சொல்லு."

"ஒங்க மருமக பொழச்சிட்டாக ஆச்சி. இன்னும் மூணு நாளு காய்ச்சல் வராமப் பாத்துக்கிடணும். அப்புறம் ஒண்ணும் பயமில்ல. பத்து நாளைக்கு மட்டும் படுக்கைய விட்டு எந்திரிக்கக் கூடாது."

கிழவி கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த கை பாதியில் நின்றது.

"பத்து நாளா? ஒரே எடத்துல படுத்துக் கெடந்தா எல்லாம் திரும்ப ஏறிராதா?"